புதன்கிழமைக்காரரின் நெருப்பு

எங்கள் ஊர்த் தீயணைப்புத் தொண்டர் சங்கத்துக்கு வரலாறு எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். சிறப்பு மலர் ஒன்று வெளியிடப் போகிறார்களாம். பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறவன் என்பது ஒரு காரணம். தொடக்கம் முதல் சங்கத்தின் செயலாளராக இருப்பவன் என்பது இன்னொரு காரணம். உண்மையான காரணம், எட்டுப் பக்கத்தைச் சும்மா எழுதிக் கொடுக்க ஊரில் வேறு விசரன் இல்லை என்பது. எழுதிக் கொடுத்தேன். தலைவர் இரண்டு நாள் வைத்திருந்து படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மாஸ்டர். நடந்ததை மட்டும் எடுத்துவிடுங்கோ" என்றார். எடுத்துவிட்டேன். மிச்சம் ஒன்றரைப் பக்கம் வந்தது. மலரில் அதுதான் இருக்கிறது, தலைவரின் படத்துக்குக் கீழே.

எடுத்துவிட்டதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் இலங்கைத்துறைக்குத் தெற்கே, வெருகல் போகிற கரையில் இருக்கிறது. திருகோணமலையிலிருந்து தீயணைப்பு வண்டி எங்களிடம் வந்து சேர்வதற்குள், எரிந்த வீட்டின் சாம்பலில் வீட்டுக்காரர் பூசணி நட்டுக் காயும் பிடுங்கிவிடலாம். ஆகவே எங்களுக்கு ஒரு சங்கம் தேவைதான். ஆனால் அந்தச் சங்கம் பிறந்தது நெருப்புக்குப் பயந்து அல்ல, பட்டப்பெயருக்குப் பயந்து. அம்மன் கோயில் தீர்த்தத் திருவிழா அன்று, ஊர்க்காரர் தாங்களே கொளுத்திய வெடி தாங்களே போட்ட கொட்டகையின் தென்னோலைக் கிடுகில் போய் விழுந்தது. அணைப்பதற்குக் கைக்கு எட்டியது தாகசாந்திப் பந்தலில் இருந்த இரண்டு அண்டா சர்பத். அதை ஊற்றி அணைத்தார்கள். கொட்டகையில் பாதி தப்பியது. அடுத்த ஒரு கிழமை கோயில் வீதி முழுக்க எறும்பு. பக்கத்து ஊர்க்காரர் எங்களைச் சர்பத்துக்காரர் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். பெண் எடுக்கப் போன இடத்திலும் அப்படிச் சொன்னார்கள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் ஊருக்கு ரோசம் வந்தது.

முதற் கூட்டத்துக்கு நான் 'தொண்டர் தீயணைப்புப் படை' என்று பெயர் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

"மாஸ்டர், எங்கட பக்கத்தில படை எண்டு பலகை போட்டா, நெருப்பு வரமுன்னம் வேற ஆக்கள் வருவினம்" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

எல்லோரும் சிரித்தோம். பிறகு சிரிக்காமல் அதைச் சங்கம் என்று மாற்றினோம். இந்தச் சங்கத்தின் வரலாற்றில் புத்தியோடு எடுக்கப்பட்ட முடிவு அது ஒன்றுதான்.

ஒரு தொண்டு நிறுவனம் பொருட்கள் தந்தது. பெற்றோலில் ஓடும் நீர்ப்பம்பி ஒன்று, இழுத்துக்கொண்டு போகச் சில்லு வைத்தது. சுருட்டி வைத்தால் மலைப்பாம்பு போலக் கிடக்கும் குழாய். பன்னிரண்டு தலைக்கவசம். பன்னிரண்டு மஞ்சள் அங்கி. அங்கிகள் பனி பெய்கிற ஏதோவொரு நாட்டில் தைக்கப்பட்டவை. எங்கள் வெயிலில் அவற்றைப் போட்டுக்கொண்டு நின்றால் நெருப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, ஆள் உள்ளுக்குள்ளேயே அவிந்துவிடுவான். நானும் ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் கண்ணாடி பார்த்தேன். புட்டுக் குழலுக்குள் அடைத்த மனிதன் மாதிரி இருந்தது. இருந்தும் கழற்ற மனம் வரவில்லை.

பம்பியை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. கதவும் பூட்டும் உள்ள பொதுக் கட்டடம் ஊரில் ஒன்றே ஒன்று, கோயிலின் வாகனசாலை. அம்மனை ஏற்றி வீதி சுற்றுகிற மரச் சிங்கமும் மர அன்னமும் நிற்கிற அறை. அவை இரண்டுக்கும் நடுவில் பம்பி ஏறியது. எங்கள் தலைவர் அந்தக் கோயிலின் வண்ணக்கர். நிர்வாகத்தைக் கையில் வைத்திருப்பவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வது. பூட்டில்லாத பொருள் அவருக்குப் பொருளே அல்ல. கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டார். ஒன்றின் திறப்பு அவரிடம், மற்றது செயலாளரான என்னிடம். ஒருவரை ஒருவர் நம்பாத இரண்டு பேர் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். இதற்கு நாங்கள் வைத்த பெயர் பொறுப்பு.

ஆண்டுதோறும் ஆயுத பூசைக்குக் கதவைத் திறந்தோம். பம்பிக்குப் பொட்டு வைத்தோம், சந்தனத்தை அள்ளிப் பூசினோம், கற்பூரம் காட்டினோம். பெற்றோல் தாங்கிக்கு முன்னால் கற்பூரம் காட்டுகிற தீயணைப்புச் சங்கம் உலகத்தில் வேறெங்கும் இருக்காது. ஆனால் ஒரு தடவைகூட அதை இயக்கிப் பார்க்கவில்லை. சாமி வாகனத்தை யாராவது ஓட்டிப் பார்ப்பார்களா?

அடுத்தது முறை. எங்கள் ஊரில் தாய்வழியாக வருகிற குடிகள் ஏழு. கோயிலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு நாள் திருவிழா. ஒரு குடியின் திருவிழாவில் இன்னொரு குடி விளக்குத் திரியைக்கூடத் தூண்டாது. தூண்டியதற்காக வழக்குப் பேசிய குடும்பங்கள் உண்டு. கிழமைக்கும் நாள் ஏழு. இந்தப் பொருத்தம் கண்ணில் பட்டதும் தலைவர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். ஒவ்வொரு குடிக்கும் ஒரு கிழமை நாள், அன்றைக்கு வருகிற நெருப்பு அந்தக் குடியின் உரிமை என்று தீர்மானமாயிற்று. வெள்ளிக்கிழமைக்கு நான்கு குடிகள் அடிபட்டன. வெள்ளிக்கிழமை நெருப்பு மற்ற நெருப்பைவிட மங்கலமானது போலும். சனிக்கிழமையை ஒருவரும் தொடவில்லை. அது எங்கள் குடிக்கு வந்தது, ஏனென்றால் எங்கள் குடிக்காகப் பேசியவன் நான்.

அப்போது நான் வாயைத் திறந்து, நெருப்புக்கு நாள் கிழமை தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பழைய இராச்சியங்கள் அதிகாரத்தை எப்படிப் பங்கிட்டன என்று அலுமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிறவன் நான். அந்தப் படிப்பு முழுவதையும் திரட்டி, மூன்று நிற மையில் ஒரு அட்டவணை கீறினேன். சங்கத்தை நடத்துகிற சட்டக் கொப்பியான யாப்பையும் நானே எழுதினேன், இருபத்திரண்டு விதிகளோடு. பாராட்டினார்கள். சந்தோஷமாக இருந்தது.

எங்கள் கூட்டங்களுக்குச் சங்கத்தில் இல்லாத ஒருத்தி மட்டும் தவறாமல் வருவாள். எனக்கு மச்சாள் முறை, வயதும் என் வயதுதான். புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள் நகரத்தில் தங்கிப் படிக்கிறார்கள். கடற்கரையில் கருவாட்டு வாடி போட்டிருந்தாள். பருவத்தில் மீன் வாங்கி, வெட்டி, உப்புத் தண்ணீர்ப் பீப்பாக்களில் ஊறவைத்து, காயப்போட்டு, சாக்குகளில் கட்டி அந்த வாடிக்குள் அடுக்குவாள். பிறகு மூதூரிலிருந்து லொறி வந்து ஏற்றும். மூன்று பேரின் ஒரு வருடச் சீவியம் அந்தக் கிடுகுக் கூரைக்குக் கீழே அடுக்கியிருக்கும். வாடிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு இலுக்குப் புல். மேற்கிலிருந்து வரண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கி அது காய்ந்ததும், புதுப்புல் முளைக்கட்டும் என்று மாட்டுக்காரர் அதற்கு நெருப்பு வைப்பது வழமை.

மூன்று வருடமாக அவள் கேட்டது ஒன்றைத்தான்.

"வாடிக்குப் பின்னால ஒரு பத்துப் பாகம் அகலத்துக்கு இலுக்கை வெட்டித் தாங்கோ. நான் ஒருத்தி வெட்டி முடிக்க ஏலாது."

பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம்; கடற்கரையில் அதுதான் அளவு.

"தங்கச்சி, நாங்க அணைக்கிற ஆக்கள். வெட்டுற ஆக்கள் இல்ல" என்றார் தலைவர்.

"வெட்டினா அணைக்கிற வேலை வராதே, அண்ணை."

"அப்ப பிறகு சங்கம் என்னத்துக்கு?" என்று தலைவர் கேட்டார். பகிடி இல்லை, உண்மையாகவே கவலைப்பட்டார்.

கூட்டறிக்கையில் நான் 'கோரிக்கை கவனத்தில் எடுக்கப்பட்டது' என்று எழுதினேன். மூன்று வருடமும் அதே வசனம். மூன்றாவது முறை அவள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து வாசித்தாள்.

"எடுத்த கவனத்தை எங்க வச்சிருக்கிறீங்கள் மச்சான்? சிங்கத்துக்குப் பக்கத்திலயோ?"

நெருப்பு வந்தது ஒரு புதன்கிழமை, பகல் பதினொரு மணியளவில். கச்சான் காற்று முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. தெற்கே புகை எழும்பியதைக் கண்டு எல்லோரும் கோயிலடிக்கு ஓடினோம். பார்த்தால், புதன்கிழமைக் குடியின் ஆண்கள் அத்தனை பேரும் மதிலுக்கு வெளியே தெருவில் நிற்கிறார்கள். நாலு நாளைக்கு முன் அவர்களின் குடியில் ஒரு கிழவர் போய்விட்டார். முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. துடக்குக்காரர் கோயில் வளவுக்குள் கால் வைக்கக்கூடாது. பம்பியோ வளவுக்கு நடுவில், வாகனசாலையில், இரண்டு பூட்டுக்குப் பின்னால். துடக்கில்லாத மற்றக் குடிக்காரர் உள்ளே வேப்பமரத்துக்குக் கீழ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

மச்சாள் ஓடி வந்தாள். மீன் வெட்டுகிற கத்தி கையில் அப்படியே இருந்தது.

"இலுக்குக்குள்ள இறங்கிட்டு! காத்து என்ர பக்கம் அடிக்குது! மிசினை எடுங்கோ!"

"எடுக்கலாம் தங்கச்சி" என்றார் தலைவர். "ஆனா இண்டைக்குப் புதன். அவங்களுக்குத் துடக்கு. உள்ளுக்கு வரேலாது."

"அப்ப உள்ளுக்கு நிக்கிற ஆக்கள் எடுக்கட்டும்!"

வியாழக்கிழமைக் குடியின் பெரியவர் தொண்டையைச் செருமினார். "நாங்க எடுத்தா, பிறகு அவங்கட உரிமையில நாங்க கைவச்சதெண்டு கதை வரும். ஒருக்கா வழக்குப் பேசினது காணும்."

மதிலுக்கு வெளியேயிருந்து ஒரு குரல் கத்தியது: "ஓம்! எங்கட நாளில வேற ஆரும் தொடக்கூடாது! நாங்கதான் எடுப்பம்!"

"எப்ப எடுப்பீங்கள்?" என்று அவள் திருப்பிக் கத்தினாள்.

"துடக்குக் கழிஞ்ச உடன!"

ஒருவரும் சிரிக்கவில்லை. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை. அன்று அது நியாயமான பதிலாகத்தான் எனக்கும் பட்டது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "மச்சான், உங்களிட்டையும் ஒரு திறப்பு இருக்குத்தானே?"

இருந்தது. சட்டைப் பையில், கையை வைத்தால் தட்டுப்படுகிற இடத்தில். அதை வெளியே எடுத்துக் காட்டியிருந்தால் தலைவருக்கு வெட்கம் வந்திருக்கலாம். இல்லாவிட்டால் என் பூட்டைத் திறந்துவிட்டு மற்றதை உடைத்திருக்கலாம். நான் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்: "பொறுங்கோ மச்சாள், யாப்பில அவசர விதி ஒண்டு இருக்கு. பாத்திட்டு வாறன்."

சைக்கிளில் வீட்டுக்குப் போனேன். அலுமாரியைத் திறந்து யாப்புக் கொப்பியைத் தேடி எடுத்தேன். விதி இருந்தது. என் கையெழுத்தில், சிவப்பு மையில், அடிக்கோடும் போட்டு. அவசர நிலையில் முறையை மாற்றுவதற்குப் பொதுக்கூட்டம் கூட்டலாம். அதற்கு ஏழு நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும்.

கொப்பியோடு திரும்பி வந்தபோது கோயிலடியில் அவள் இல்லை. மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். கடற்கரைக்குப் போனேன். நல்லகாலம், அன்று லொறி வருகிற நாள். மூதூரிலிருந்து வந்த லொறிக்காரர் வாடி வாசலுக்கு லொறியைப் பின்பக்கமாக விட்டு, பின்கதவைத் திறந்துவிட்டிருந்தார். கரைவலை இழுக்க வந்த பெண்கள் வரிசையாக நின்று சாக்குகளைக் கைமாற்றி ஏற்றினார்கள். மச்சாள் வாடிக்குள் நின்று தூக்கிக் கொடுத்தாள். பின்பக்கத்தில் இரண்டு பேர் நனைந்த சாக்குகளால் இலுக்கை அடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் புதன்கிழமைக் குடி. துடக்குக்காரர் கோயிலுக்குள்தான் போகக்கூடாது, கடற்கரைக்குப் போகலாம் என்பது அந்தக் குடியில் அந்த இரண்டு பேருக்கு மட்டும் உதித்திருக்கிறது.

லொறிக்காரர் என்னைக் கண்டார். "என்ன மாஸ்டர் கையில?"

"யாப்பு, காக்கா" என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவது.

"அத நனைச்சு அடிக்கேலுமா?"

"ஏலாது."

"அப்ப அங்கால வச்சிட்டு இந்தச் சாக்கைப் பிடிங்க. அல்லாவே!"

பிடித்தேன். அரை மணித்தியாலம் அடித்திருப்பேன். தலைமயிர் கருகியது, இருந்த மயிருக்கு அது பெரிய நட்டமில்லை. பெண்கள் உப்புத் தண்ணீர்ப் பீப்பாக்களை இழுத்து வந்து சுவரில் கவிழ்த்தார்கள். ஆனால் காற்று கூரையை நெருப்பிடம் பிடித்துக்கொடுத்துவிட்டது. கடைசி வரிசைச் சாக்குகள் உள்ளே இருக்கும்போதே கிடுகு இறங்கத் தொடங்கியது. லொறிக்காரர் மச்சாளைக் கையில் பிடித்து வெளியே இழுத்தார். அவள் ஒரு சாக்கை விடாமல் பிடித்திருந்தாள். அதுவும் அவளோடு வந்தது. வாடி போய்விட்டது. சாக்குகளில் பெரும்பகுதி லொறியில் தப்பியது.

லொறி நிழலில் இருந்து தண்ணீர் குடித்துக்கொண்டு அவள் கேட்டாள். "என்ன மச்சான், விதி என்ன சொல்லுது?"

சொன்னேன். ஏழு நாள் முன்னறிவித்தல். லொறிக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கொப்பியை வாங்கி, அந்தப் பக்கத்தை விரித்து, நன்றாக வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். அதில் அவளுடைய கரிக் கைவிரல் அடையாளங்கள் இன்னும் இருக்கின்றன.

அன்று மத்தியானம் ஊர் முழுக்கச் சுட்ட கருவாட்டு மணம். கோயிலடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற சிலர் அந்த மணத்தோடு ஒரு பிடி சோறு கூடச் சாப்பிட்டதாகக் கேள்வி. நம்புகிறேன்.

அடுத்த நாள் வியாழக்கிழமை. காலை ஆறு மணிக்குத் தலைவர் என் வீட்டு வாசலில் நின்றார். "திறப்பை எடுங்கோ மாஸ்டர். இண்டைக்கு முறைக்காரர் ரெடி." இரண்டு பேரும் கதவைத் திறந்தோம். வியாழக்கிழமைக் குடியின் பன்னிரண்டு பேர் மஞ்சள் அங்கியும் தலைக்கவசமுமாகப் பம்பியை இழுத்துக்கொண்டு, ஒரு தேரைக் கொண்டுபோகிற ஒழுங்கோடு, கடற்கரைக்குப் போனார்கள். தலைவர் முன்னால், தோளில் சால்வையோடு. நான் பின்னால். ஏன் போனேன் என்று கேட்டால், செயலாளர் போகத்தானே வேண்டும்.

மச்சாள் கவிழ்த்த பீப்பா ஒன்றின் மேல் இருந்தாள். எங்களைக் கண்டதும் எழும்பாமலே சொன்னாள்:

"வாங்கோ, வாங்கோ. சாம்பல் ஆறமுன்னம் வந்திட்டீங்கள்."

"உள்ளுக்குத் தணல் கிடக்கும் தங்கச்சி" என்றார் தலைவர். "முறைப்படி தண்ணி அடிச்சு முடிக்கவேணும்."

"அடியுங்கோ அண்ணை. ஆர் மறிச்சது?"

குடியின் பெரியவர் முதலில் பம்பியை இயக்குகிற கயிற்றை இழுத்தார். அது அவருக்குரிய மரியாதை. பிறகு அவரின் தம்பி. பிறகு வயதுப்படி பன்னிரண்டு பேரும். பம்பி ஒரு இருமல்கூட இருமவில்லை. ஒவ்வொரு இழுவைக்கும் புகைபோக்கியிலிருந்து காய்ந்த சந்தனம் கொஞ்சம் உதிர்ந்தது. அங்கிகளுக்குள் ஆட்கள் அவியத் தொடங்கினார்கள்.

அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பி, தப்பியிருந்த ஒரே ஒரு பீப்பாவில் வாளியை விட்டு அள்ளினாள். மூன்று நாள் மீன் ஊறிய தண்ணீர். சாம்பலில் ஊற்றப் போகிறாள் என்று நினைத்து விலகி வழிவிட்டோம். அவள் நேரே வந்து பம்பியின் மேல் ஊற்றினாள். அவசரமில்லாமல், தாங்கியிலிருந்து சில்லு வரை, அபிஷேகம் செய்கிற மாதிரி.

"என்ன வேலை செய்தனீ!" தலைவரின் சால்வை கீழே விழுந்தது.

"மீன் தண்ணி அண்ணை. கழுவிப் பாருங்கோ. என்ர கையில இருந்தே இத்தனை வருசமாப் போகேல்ல." வாளியைக் கவிழ்த்து வைத்தாள். "இதை இனி அம்மாளின்ர சிங்கத்துக்குப் பக்கத்தில கொண்டுபோய் ஏத்துவீங்களோ?"

மீன் வெட்டிய கையோடு கோயில் வாசலைத் தாண்டாத ஊர் இது. பன்னிரண்டு பேரும் பம்பியிலிருந்து ஒரு அடி பின்னுக்குப் போனார்கள். தலைவர் என்னைப் பார்த்தார்.

"மாஸ்டர், யாப்பில இதுக்கு ஏதும்...?"

"ஒண்டும் இல்லை" என்றேன். உண்மை. இருபத்திரண்டு விதிகளில் மீனைப் பற்றி ஒரு சொல் இல்லை. சங்கத்துக்கு நான் செய்த முதல் சேவை அந்த ஒரு வசனம் என்று நினைக்கிறேன்.

பம்பி கடற்கரையிலேயே நின்றுவிட்டது. லொறிக்காரர் அடுத்த நடையில் மூதூரிலிருந்து ஒரு மெக்கானிக்கை ஏற்றி வந்தார். அவர் அதைக் கழற்றி, உள்ளிருந்து ஒரு கோப்பை நிறையச் சந்தனத்தை எடுத்துவிட்டுத் திரும்பப் பூட்டினார். இப்போது புது வாடியின் தாழ்வாரத்தில் நிற்கிறது. மச்சாள் தினமும் அதை இயக்கிப் பீப்பாக்களைக் கழுவுகிறாள். இரண்டாவது இழுவையில் பிடிக்கும். எங்காவது புகை எழும்பினால் அந்த நேரம் கடற்கரையில் நிற்கிற யாராவது இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். எந்தக் குடி, எந்த நாள் என்று அதைக் கேட்பதற்கு ஆளில்லை, ஏனென்றால் அந்த நாற்றத்துக்கு உரிமை கொண்டாட ஒரு குடியும் வரவில்லை.

மலரில், 'கரையோர மக்களின் நலன் கருதி நீர்ப்பம்பி இடமாற்றம் செய்யப்பட்டது' என்று இருக்கிறது. அந்த வசனமும் என்னுடையதுதான். வாகனசாலைக் கதவில் இரண்டு பூட்டும் இன்னும் தொங்குகின்றன. உள்ளே சிங்கம், அன்னம், பன்னிரண்டு மஞ்சள் அங்கி. என் திறப்பு என் சட்டைப் பையில்.

அன்று திறப்பை எடுக்காமல் கொப்பி எடுக்கப் போனதற்கு மச்சாள் என்னை ஒரு நாளும் ஏசியதில்லை. அடுத்த கச்சானுக்கு முன், ஒரு சனிக்கிழமை, ஒரு கத்தியைத் தீட்டிக் கையில் தந்தாள். அவ்வளவுதான். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் வாடிக்குப் பின்னால் இலுக்கு வெட்டுகிறேன். இலுக்கு கையை அறுக்கும். குனிந்தால் முதுகு பிடிக்கும். சங்கத்தில் யாரும் துணைக்கு வருவதில்லை, அணைக்கிற ஆட்கள் அல்லவா. இந்த வருடமும் வெட்டி, நிமிர்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அவள் கையை விரித்து விரித்து அளந்துகொண்டு வந்தாள்.

"மச்சான், பத்துப் பாகம் எண்டனான். இது எட்டு."

"எட்டுக் காணாதோ மச்சாள்?"

"நெருப்பிட்டக் கேளுங்கோ" என்றாள். "ஏழு நாள் முன்னறிவித்தல் குடுத்து."

மிச்ச இரண்டு பாகத்தையும் வெட்டினேன்.